ஆப்கன் பெண்கள் சாட்சி சொல்வதால் என்ன ஆகிவிடும்?

12 அக்டோபர் 2025, ஓசூர் வாசகர் கேட்டது

வெள்ளிக்கிழமை டெல்லியில் ஆப்கானிஸ்தானை ஆளும் தாலிபான் அரசின் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஒரு பெண் நிருபரைக்கூட உள்ளே விடவில்லை. நாடு முழுக்கக் கண்டனம் வந்ததும் இன்று மறுபடியும் கூட்டி, பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். காபூலில் இருக்கும் பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்? அவர்கள் ஒளிந்து வீடியோ எடுக்கிறார்கள், பாட்டுப் பாடிப் போடுகிறார்கள், எங்கோ போய்ச் சாட்சி சொல்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் காகிதம் எடுபடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

13 அக்டோபர், திங்கள் இரவு

எடுபடும் தம்பி. நாள் ஆகும், ஆனால் எடுபடும்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் பிழைப்பே காகிதத்தில்தான் ஓடுகிறது. தருமபுரியில் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை. திங்கள்கிழமை குறைதீர் நாள் என்பதால் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு. இவர்களுக்கு நடுவில் ஏதாவது ஒரு பெண் பேசாமல் ஓரமாக நிற்பாள். என்ன மனும்மா என்று கேட்டால் பதில் வராது. பக்கத்தில் இருக்கும் ஆண்கள் நகர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

அப்படிப்பட்ட மனுக்களை அடித்து அடித்து ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு பெண்ணுக்குக் கொடுமை செய்துவிட்டால் அவர்கள் சொல்லும் முதல் பதில், "அப்படி எதுவும் நடக்கவே இல்லை." அந்த ஒரு வரியை உடைக்கத்தான் தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் பெயர் எல்லாம் வேண்டியிருக்கிறது. காபூல் பெண்கள் செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான்.

தருமபுரிக்காரருக்கு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வாச்சாத்தி இருக்கிறது. நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

14 அக்டோபர்

இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வாச்சாத்தி என்றால் பேர் மட்டும்தான் தெரிகிறது. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை பதுக்கல் சோதனை என்று சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 பேர் ஊருக்குள் இறங்கினார்கள். ஆலமரத்தடியில் ஊரையே கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப் போய்ப் பலாத்காரம் செய்தார்கள். பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில் ராத்திரியெல்லாம் வைத்திருந்து சித்திரவதை. அதற்கப்புறம் பெண்களைக் குழந்தைகளோடு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். ஊரில் வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குடிக்கிற கிணற்றையும் விடவில்லை. தப்பித்தவர்கள் மலையில் ஒளிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? அடித்தது அரசு. புகாரை வாங்க வேண்டியதும் அரசு. பாதிக்கப்பட்ட பெண்கள் மேலேயே வழக்குப் போட்டு உள்ளே வைத்திருப்பதும் அரசு. அன்றைய ஆட்சி சொன்ன பதில் நேற்று நான் எழுதிய அதே வரி.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் சேதி கேள்விப்பட்டு ஊருக்குப் போனார்கள். அதில் முன்நின்றவர் பெ. சண்முகம். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை மனுவைக் கொண்டுபோனார், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி அந்த வருடமே நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்த அறிக்கைதான் முதல் உடைப்பு. சங்கம் சொன்னால் அரசியல் என்பார்கள், கட்சி சொன்னாலும் அதையே சொல்வார்கள். அரசாங்கத்தின் ஒரு பிரிவே "நடந்திருக்கிறது" என்று எழுதிவிட்டால் அதைக் கிழித்துப் போட முடியாது.

1995-இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவானது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் தங்களைச் சிதைத்தவர்கள் முன்னால் நின்று, இவன்தான் என்று காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, இதே தருமபுரி கோர்ட்டில், 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் உறுதியானது. மீதி 54 பேர் வழக்கு நடக்கும்போதே செத்துப் போயிருந்தார்கள். மேல்முறையீடு 12 வருடம் ஓடியது. நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே வருடம் செப்டம்பர் 29-ஆம் தேதி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய கைகளையும் காப்பாற்ற இந்த மக்களைப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் தீர்ப்பில் சொன்னார்.

1992 முதல் 2023 வரை, 31 வருடம். அத்தனை வருடமும் கூடவே வந்தது அந்தப் பெண்கள் முதன்முதலில் சொன்ன வார்த்தை.

14 அக்டோபர், மதியம்

பாலக்கோட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார்: "வாச்சாத்தியில் கோர்ட் இருந்தது, கட்சி இருந்தது, பேப்பர் இருந்தது, தேர்தல் வந்தது. காபூலில் என்ன இருக்கிறது? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?"

நல்ல கேள்வி. அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன்.

16 அக்டோபர்

யோசித்துப் பார்த்தேன். பாலக்கோடு அண்ணன் சொல்வது நியாயம். ஒரே தட்டில் வைக்க முடியாது.

வாச்சாத்திப் பெண்களுக்கு முன்னாலேயே வேறு பெண்கள் போட்டுவைத்த பாதை ஒன்று இருந்தது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே பலாத்காரம் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுத, ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் மாறியது. காவலில் இருக்கும் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது. மதுராவுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அவள் ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

காபூலில் இப்படிப்பட்ட கதவுகளைத்தான் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். 2021 ஆகஸ்ட் 15-இல் தாலிபான் நகருக்குள் வந்தது. மறு மாதமே மகளிர் விவகார அமைச்சகத்தின் பலகையைக் கழற்றிவிட்டு, அதே கட்டடத்தில் ஒழுக்கக் கண்காணிப்பு அமைச்சகத்தைக் கொண்டுவந்தார்கள். வேலைக்கு வந்த பெண் ஊழியர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். மனு வாங்கும் ஆபீஸ் எது என்று தெரிந்து வைத்திருப்பதே என் வேலையில் பாதி. பெண்கள் மனு கொடுத்த கட்டடத்திலேயே அவர்களைப் பிடிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்று படித்தபோது அடிவயிறு கலங்கியது. 200-க்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் இருந்த நாடு அது. இன்று ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. அந்த நீதிபதிகள் சிறைக்கு அனுப்பிய குற்றவாளிகள் வெளியே வந்து அவர்களையே தேடினார்கள். மனித உரிமை ஆணையத்தை 2022 மே மாதம் கலைத்தார்கள்.

படிப்பும் இப்படியே. 2022 மார்ச் 23-ஆம் தேதி உயர்நிலைப் பள்ளி திறக்கிறது என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண் பிள்ளைகளைச் சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். வகுப்பறையில் அழுத பிள்ளைகளின் படம் உலகம் முழுக்க வந்தது. அதே வருடம் டிசம்பரில் பல்கலைக்கழகம் போயிற்று, தொண்டு நிறுவன வேலையும் போயிற்று. 2024 ஆகஸ்டில் 35 பிரிவுகளோடு ஒரு சட்டம், பொது இடத்தில் பெண்ணின் குரலே வெளியே கேட்கக்கூடாது என்றது. அந்த டிசம்பரில் பிரசவம் பார்க்கவும் செவிலியர் வேலைக்கும் படிக்கும் படிப்பையும் நிறுத்தினார்கள். சில மாகாணங்களில் பெண்ணை ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்கிறார்கள், பெண் மருத்துவராகவும் கூடாது என்கிறார்கள். அப்படியானால் வலி எடுத்த பெண் என்ன செய்வாள்? ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லாமல் நிற்கும் பெண் பிள்ளைகள் 22 லட்சம் என்று இந்த வருடம் மார்ச்சில் யுனிசெஃப் சொன்னது.

ஆகவே, உள்ளே கதவு இல்லை. இதில் பாலக்கோடு அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

17 அக்டோபர்

ஆனால் உள்ளே கதவு இல்லை என்றால் காகிதம் வெளியே போகும். நேற்று எழுதாமல் விட்ட பாதி இது.

முத்தாக்கி டெல்லியில் பெண்கள் இல்லாத அறையில் பேசினாரே, அக்டோபர் 10, அதே நாளில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஆப்கன் பெண்களுக்கான மக்கள் தீர்ப்பாயம் நடந்துகொண்டிருந்தது. 8-ஆம் தேதி தொடங்கி மூன்று நாள். ஆப்கன் பெண்கள் நீதிபதிகள் முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். அந்தத் தீர்ப்பாயத்துக்கு யாரையும் சிறையில் போடும் அதிகாரம் கிடையாது. பாமதியின் கையிலும்தான் விலங்கு இல்லை, பேனா இருந்தது.

அதற்கு நான்கு நாள் முன்னால், அக்டோபர் 6, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஆப்கானிஸ்தானுக்கென்று தனி விசாரணை அமைப்பு ஒன்றை ஏற்படுத்தத் தீர்மானம் போட்டது. அதன் வேலையே ஆதாரங்களைத் திரட்டி, பத்திரப்படுத்தி, பிற்பாடு வழக்கு நடத்தக்கூடிய கோர்ட்டுக்குக் கொடுப்பது. இந்த வருடம் ஜூலை 8-ஆம் தேதி சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி ஹக்கானிக்கும் பிடிவாரண்ட் போட்டதே, அது பெண்களையும் சிறுமிகளையும் ஒடுக்கியதை மனித குலத்துக்கு எதிரான குற்றமாக எடுத்துக்கொண்டு போட்ட வாரண்ட். யாரோ சொல்லாமல், யாரோ எழுதாமல் அது வந்திருக்காது.

அகுந்த்சாதா நாளைக்கே பிடிபட மாட்டார். 1992-இல் மலையில் ஒளிந்திருந்த ஒரு வாச்சாத்திப் பெண்ணிடம், உன் ஊருக்கு வந்தவர்களில் உயிரோடு இருக்கும் அத்தனை பேரையும் குற்றவாளி என்று ஒரு நீதிபதி சொல்லுவார் என்று சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

19 அக்டோபர், தீபாவளிக்கு முதல் நாள்

கடையில் இன்று கூட்டம் இல்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து எப்போதும் வரும் பாட்டி மட்டும் வந்தார். அவருக்கு மனு தொடங்கும்போது "மாண்புமிகு" எல்லாம் வேண்டாம், "கலெக்டர் தம்பிக்கு" என்றுதான் போட வேண்டும். தம்பி என்று போட்டால்தான் மனசு இளகுமாம். மாற்ற மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார். அதனால் மேலே மாண்புமிகுவும் கீழே முதல் வரியில் தம்பியும் போட்டுக் கொடுப்பேன். இருவருக்கும் சம்மதம்.

அவர் பையில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இதுவரை கொடுத்த எல்லா மனுவுக்கும் வாங்கிய ரசீது, தேதி வரிசைப்படி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சீட்டு எந்த மனுவுக்கு என்று மடிப்பைத் தொட்டே சொல்வார். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் "நீங்கள் மனுவே கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி பேசவில்லை. கவரிலிருந்து ஒரு சீட்டை உருவி மேசையில் வைத்தார். முத்திரையும் தேதியும் பளிச்சென்று இருந்தன. அதற்கு மேல் அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

23 அக்டோபர்

அரூரிலிருந்து ஒரு தங்கை தனியாக எழுதியிருந்தார், பெயர் வேண்டாம் என்றார். அவர் சொல்வது: "அக்கா, சாட்சி சொல்லுங்கள், எழுதி வையுங்கள் என்று சொல்வது சுலபம். சொன்னவளுக்கு என்ன ஆயிற்று என்று யார் பார்த்தீர்கள்?"

அது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வாச்சாத்திப் பெண்கள் நடந்ததை ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சங்கத்தாரிடம் சொன்னார்கள், ஆணையத்திடம் சொன்னார்கள், சிபிஐயிடம் சொன்னார்கள், கோர்ட்டில் சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஏரிக்கரைக்குத் திரும்பிப் போக வேண்டும். பலர் அப்போது சின்னப் பெண்கள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. கல்யாணம், பிள்ளை, பேரப்பிள்ளை என்று வாழ்க்கை போய்க்கொண்டிருக்க, வழக்கும் கூடவே வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காணாமல் கண் மூடியவர்களும் இருக்கிறார்கள்.

2011-இல் தீர்ப்பு வந்த அன்று எங்கள் தெருவே நிரம்பியிருந்தது. பெரும்பாலோருக்குக் குறைந்த ஆண்டுத் தண்டனை என்பதால் ஜாமீனுக்கு ஓடினார்கள். ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது என்று ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களில் ஒரு கைதியின் மனைவி இருந்தார். கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லைங்க" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தத் தெருவின் மறுகோடியில் வாச்சாத்திப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் 19 வருடம் இதே வாக்கியத்தை ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள்.

தங்கைக்கு என் பதில்: சாட்சி சொல் என்று எந்தப் பெண்ணையும் நாம் நெருக்கக் கூடாது. சொல்ல வருகிறவளுக்குத் துணையாக நிற்க ஆள் வேண்டும், அதுவும் தீர்ப்பு வரும்வரை நிற்கிற ஆள். வாச்சாத்திப் பெண்களைக் கோர்ட்டுக்கு அழைத்து வந்து, கூட உட்கார்ந்து, பஸ் ஏற்றிவிட்ட சங்கத்துத் தோழர்கள் பலரின் பேர் வெளியே தெரியாது. அவர்கள் இல்லாமல் வழக்கு பாதியிலேயே நின்றிருக்கும்.

26 அக்டோபர்

ஒருவர், "அது அவர்கள் மதம், அவர்கள் கலாசாரம், நாம் ஏன் தலையிட வேண்டும்" என்கிறார். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

1921-இல் காபூலில் பெண்களுக்குப் பள்ளி திறந்தது அந்த நாட்டு ராணி சுரையா. 1964 அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1977-இல் மீனா என்ற காபூல் இளம்பெண் பெண்களுக்கென்று ஒரு புரட்சி அமைப்பைத் தொடங்கினார். பத்து வருடத்தில் பாகிஸ்தானின் குவெட்டாவில் அவரைக் கொன்றார்கள், அமைப்பு இன்றும் இருக்கிறது. முதல் தாலிபான் ஆட்சியில், 1996 முதல் 2001 வரை, வீட்டுக்குள் திரை போட்டு ரகசியப் பள்ளி நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். இவையெல்லாம் யாருடைய கலாசாரம்?

மதம் என்று சொல்வதும் பொருந்தாது. இந்த வருடம் ஜனவரியில் முஸ்லிம் உலக லீக்கும் பாகிஸ்தானும் சேர்ந்து இஸ்லாமாபாத்தில் பெண் கல்விக்கென்றே மாநாடு நடத்தின. மலாலா வந்து பேசினார். அழைத்தும் வராதவர்கள் தாலிபான்கள். அவ்வளவு தூரம் ஏன், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் காலை எட்டரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். தலையில் துப்பட்டாவோடு எத்தனை பெண் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள் என்று.

இரானைப் பற்றியும் ஒரு வரி. 2022 செப்டம்பரில், முக்காடு சரியாகப் போடவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி போலீஸ் காவலில் விழுந்து இறந்தபோது அந்தச் செய்தியை வெளியே கொண்டுவந்தவர்களில் நிலூஃபர் ஹமெதி, இலாஹே முகமதி என்ற இரண்டு பெண் நிருபர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் மருத்துவமனைக்குப் போய் எழுதினார், இன்னொருவர் சவ அடக்கத்துக்குப் போய் எழுதினார். இரண்டு பேரையும் சிறையில் போட்டார்கள். எழுதுவதால் ஒன்றும் ஆகாது என்றால் எழுதியவர்களை ஏன் பிடிக்க வேண்டும்?

26 அக்டோபர், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும். இரானில் முக்காடு போட மறுத்து நிற்பவளும், இங்கே துப்பட்டா போட்டுப் படிக்கப் போகிறவளும் எனக்கு ஒரே பக்கம்தான். என்ன உடுத்துவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். கழற்று என்று சொல்லவும் போடு என்று சொல்லவும் அரசுக்கு வேலை இல்லை.

29 அக்டோபர்

அஞ்செட்டிப் பக்கம் வேலை செய்யும் ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். முழுப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தால், ஒன்பதாம் வகுப்பில் ஓரிரு பெஞ்சில் ஆள் குறைகிறதாம். விசாரித்தால் கல்யாணம் ஆகிவிட்டது என்கிறார்கள். "தாலிபானைத் திட்டுவதற்கு முன்னால் நம் மலைக்கிராமத்தைப் பாருங்கள்" என்கிறார்.

பார்க்கத்தான் வேண்டும் டீச்சர். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டமும் குழந்தைத் திருமணத்துக்குப் பேர் போனவை. ஸ்கேன் பார்த்துப் பெண் சிசுவை அழிக்கும் கும்பலைத் தருமபுரியில் பிடித்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் விரிவாக்கியபோது நம் மாவட்டத்தையும் சேர்த்தார்கள் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு "ஆனால்" உண்டு. உங்கள் வகுப்புப் பெண் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்தால் சட்டம் அவள் பக்கம். 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, சமூக நல அலுவலர் வர வேண்டும், போலீஸ் வர வேண்டும். வரவில்லை என்றால் வரவில்லை என்று மனு போடலாம், நானே அடித்துத் தருகிறேன். காபூல் பெண்ணுக்கு அப்பா அம்மா படிக்க அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், அரசு துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறது. இங்கே வீடு தடுக்கிறது, அங்கே நாடே தடுக்கிறது. அதனால் இதை முடித்துவிட்டுத்தான் அதைப் பேச வேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் குரல் கொடுக்க நமக்குத் தொண்டை இருக்கிறது.

டீச்சர், பெஞ்சு காலியான நாளை வருகைப் பதிவேட்டில் "நீண்ட விடுப்பு" என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், தேதியோடு. நகல் உங்கள் கையில்.

2 நவம்பர்

ஓசூர் தம்பி மறுபடி வந்திருக்கிறார். "சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எழுதுவது நம் கைக்கு வந்தால்தானே?" என்கிறார்.

வருவதை நிறுத்தத்தான் பார்த்தார்கள். செப்டம்பர் 29-ஆம் தேதி ஆப்கானிஸ்தான் முழுக்க இணையத்தையும் போனையும் துண்டித்தார்கள். இரண்டு நாள் நாடே இருட்டு. பள்ளி இழந்த பெண்கள் பலருக்கு ஆன்லைன் வகுப்புதான் மிச்சம் இருந்தது, அதுவும் அந்த இரண்டு நாள் இல்லை. 2024-இல் குரல் கூடாது என்று சட்டம் வந்தவுடன் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு பாடி வீடியோ போட்டார்களே, அந்த இணையக் கம்பி வழியாகத்தான் அது வந்தது. எங்கள் கடையில் நெட் அரை மணி நேரம் போனாலே சான்றிதழ் எடுக்க வந்தவர்கள் தவித்துப் போவார்கள். ஒரு பெண்ணுக்கு வெளியுலகமே அந்தக் கம்பி மட்டும்தான் என்றால் அது அறுந்த இரவில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வருவது குறைவுதான். அதனால்தான் வந்ததைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

5 நவம்பர்

பேசிக்கொண்டே இருந்தால் போதாது, என்ன செய்யலாம் என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது மனு.

இந்தியா சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, அந்த வழியில் நாம் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் முத்தாக்கி வந்தபோது காபூலில் நம் தூதரகத்தை மறுபடி முழு அளவில் திறப்பதாக அறிவித்தார்கள். தூதரகம் என்றால் விசா. 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை இந்தியா ஒட்டுமொத்தமாக ரத்து செய்ததில், லீவுக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட மாணவிகளும் இருந்தார்கள். இந்தியக் கல்லூரியில் பாதிப் படிப்பு, அங்கே கல்லூரியே கிடையாது. இதைக் கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும்.

நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டம் அடுத்து வருகிறது. எம்.பி. எழுத்துமூலம் கேள்வி கேட்க 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு எம்.பி. அலுவலகங்களுக்கும் கொடுக்க இதை அடித்து வைத்திருக்கிறேன்:

"வெளியுறவுத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) 2021 ஆகஸ்ட் முதல் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த பெண்களுக்கு ஆண்டுவாரியாக வழங்கப்பட்ட மாணவர் விசாக்கள் எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை;
(ஆ) 2021-இல் விசா ரத்தானதால் படிப்பு தடைப்பட்ட ஆப்கன் மாணவிகளில் எத்தனை பேர் இந்தியா திரும்பிப் படிப்பை முடித்தனர்;
(இ) காபூல் தூதரகத்தில் ஆண் துணை இல்லாமல் வரும் பெண்களிடம் நேரடியாக விண்ணப்பம் பெற ஏற்பாடு உள்ளதா;
(ஈ) இந்தியாவில் தங்கியிருக்கும் ஆப்கன் பெண்கள் ஐ.நா. விசாரணை அமைப்பிடம் சாட்சியம் அளிக்க விரும்பினால், அதனால் அவர்கள் இங்கே தங்குவதற்கு இடையூறு வராது என அரசு உறுதி அளிக்குமா?"

(இ)-யில் "நேரடியாக" என்பதோடு "இணையம் வழியாகவும்" சேர்க்கலாமா என்று அரூர் தங்கை கேட்டார். 2-ஆம் தேதி எழுதியதை நினைத்தால் இரண்டுமே வேண்டும் என்று படுகிறது, சேர்த்துவிடுகிறேன். வேறு திருத்தம் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லுங்கள். திங்கள் காலை குறைதீர் கூட்டம் தொடங்கும் முன்னால் பிரிண்ட் எடுத்துவிடுவேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஊர் பெயரோடு போடுங்கள். இரண்டு அலுவலகத்திலும் முத்திரை போட்ட நகலை வாங்கி, அதன் படத்தை இதே இழையில் போடுகிறேன்.